அழையாத விருந்தாளிகள்

பிறர் வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறவனை நம் ஊரில் யாரும் கனவான் என்று சொல்வதில்லை. அதே மனிதன் ஜீப்பை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, கழுத்தில் காமிராவை மாட்டிக்கொண்டு, காட்டுக்குள் புகுந்து அதே காரியத்தைச் செய்தால், 'இயற்கை ரசிகன்' என்று பெயர் வாங்கிவிடுகிறான்! எட்டிப் பார்ப்பதோடு நின்றாலாவது பாதகமில்லை. வீட்டுக்காரன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கூப்பாடும் போடுகிறானே, அதற்கு என்ன பெயர்?

முதுமலைக்குப் போய் வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். 1940-இலேயே வனவிலங்குகளின் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு அது. 2007-இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. மைசூர் - உதகை நெடுஞ்சாலை அதன் ஊடே ஓடுகிறது. கோடையில் குட்டைகள் வற்றிவிட்டால், தண்ணீர் தேடிப் போகும் யானைக் கூட்டம் இந்தச் சாலையைக் கடந்தாக வேண்டும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவை.

புதரோரம் ஒரு தும்பிக்கை தெரிந்துவிட்டால் போதும். முதல் கார் நிற்கிறது. அது ஏன் நின்றது என்று பார்ப்பதற்காக இரண்டாவது கார் நிற்கிறது. பத்து நிமிஷத்தில் தேர்த் திருவிழாதான்! யானை இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று ஒருவர் ஹாரன் அடிக்கிறார். குழந்தைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று ஓர் அம்மாள் காரை விட்டு இறங்குகிறார். ஓர் இளைஞர் யானைக்கு முதுகையும் கைப்பேசிக்கு முகத்தையும் காட்டிச் சிரிக்கிறார். யானை காதுகளை அகல விரித்து நிமிர்ந்து நிற்கிறது. "போஸ் கொடுக்கிறது, பார்!" என்கிறார்கள். போஸ் அல்ல ஐயா! 'போய்விடு' என்று அது தன் பாஷையில் சொல்லும் எச்சரிக்கை. குட்டியை நடுவில் மறைத்துக்கொண்டு கூட்டம் சற்று நேரம் தயங்குகிறது. பிறகு வந்த வழியே திரும்பிவிடுகிறது. நமக்கு ஒரு படம் கிடைத்தது. குட்டிக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை.

"கட்டணம் செலுத்திவிட்டுத்தானே போகிறோம்?" என்று கேட்கிறார்கள். நாடகத்துக்கு டிக்கெட் வாங்கியவர் மேடையில் ஏறி ராஜாவின் கிரீடத்தைத் தொட்டுப் பார்க்கலாமா? ஜீப் ஓட்டுகிறவனிடம் நோட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் கிட்டே போப்பா" என்கிறார்களே, அது எந்தக் கட்டணத்தில் சேர்த்தி? அகப்பட்டுக்கொண்டால் பிழைப்பு போவது அவனுக்கு. நோட்டை நீட்டியவர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். யானை பொறுமை இழந்து துரத்தி, ஒருவர் உயிர் போய்விட்டாலோ, 'கொலைகார யானை' என்று பட்டம் கட்டுவதற்கு நாம் கூசுவதே இல்லை.

'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றவர். தாமே பாகங்களைக் கூட்டி அமைத்துக்கொண்ட காமிராவைச் சுமந்துகொண்டு காட்டில் நடந்தார். தூரத்தில் இருப்பதை அருகில் காட்டும் கண்ணாடிகள் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில், அருகில் போயே தீருவேன் என்று அடம் பிடிப்பது கலையல்ல, வெறும் பேராசை.

மரியாதை ஒன்றும் கடினமானதல்ல. நம்மால் விலங்கு தன் காரியத்தை விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். மேய்ந்துகொண்டிருந்த மான் தலையைத் தூக்கினால், நாம் அதிகமாக நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம். ஜீப்பில் போனால் குரலைத் தாழ்த்துங்கள். கண் நிறையப் பார்த்தபின், பின்னால் காத்திருப்பவருக்கு இடம் விட்டு நகருங்கள். நெடுஞ்சாலையில் யானை ஓரமாக நின்றால் நிறுத்தாமல் போய்விடுங்கள். கடந்துகொண்டிருந்தால், தொலைவிலேயே நின்று வழி விடுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும், "படம் எங்கே?" என்று கேட்பார்கள். "எடுக்கவில்லை, யானை தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தது" என்று சொல்லுங்கள். புரியாதவர்களுக்குப் படத்தைக் காட்டினாலும் புரியப் போவதில்லை.