விபூதியும் மாத்திரையும்

"உன்னைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்!" என்பது மயிலாப்பூர் மாட வீதிகளிலே விளையாட்டாக வழங்கி வரும் வசைகளில் ஒன்று. 1794-ல் கம்பெனியார் காலத்தில் தோன்றிய மனநோய் ஆஸ்பத்திரி கீழ்ப்பாக்கத்தில் இருப்பதால் அந்தப் பேட்டைக்கு நேர்ந்த கதி இது. காய்ச்சல்காரரைக் கண்டு நாம் சிரிப்பதில்லை. சித்தம் கலங்கியவர் மட்டும் நமக்குப் பரிகாசப் பொருளாகி விட்டார்.

இதன் பலன் என்ன? பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டில், அவள் தமையன் நாலு மாதமாக அறையை விட்டு வெளிவராத சங்கதி மறைக்கப்படுகிறது. "திருஷ்டி", "காற்றுக் கருப்பு" என்று ஏதோ ஒரு பெயர் சூட்டப்படுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மானம் போகும். கோயிலுக்குப் போனால் போகாதல்லவா?

கோயிலுக்குப் போவதைப் பரிகசிக்கும் கட்சியில் நாம் சேரத் தயாரில்லை. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை நம் நாட்டு நிபுணர்கள் பரிசோதித்து, அதன் முடிவை 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோயின் கடுமை நூற்றுக்கு ஏறக்குறைய இருபது பங்கு தணிந்திருந்தது. அங்கே நடந்ததெல்லாம் எளிய பூஜை, கோயிலைப் பெருக்குதல், செடிக்குத் தண்ணீர் ஊற்றுதல். கூடவே வீட்டு மனிதர் ஒருவர் துணையிருந்தார். யாரும் விரட்டவில்லை. 31 பேரை வைத்து உலகத்துக்கெல்லாம் விதி வகுக்க முடியாதுதான். ஆயினும் அன்பான சூழ்நிலைக்கும் ஓர் ஔஷத குணம் உண்டென்பது விளங்குகிறது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் நோயாளிகளை வைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றித் தவித்தார்கள். 28 உயிர்கள் மாண்டன. அவர்களைக் கொன்றது பிரார்த்தனையல்ல, சங்கிலி. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை அடியோடு தடுத்திருக்கிறது. ஏர்வாடியில் தொழுகைக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் கிடைக்கும்படி அரசாங்கம் ஏற்பாடு செய்தது. பகைமையாகத் தோன்றிய இரண்டும் அங்கே அண்டை வீடுகளாயின.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய யோசனையல்ல. மத்திய ஆஸ்திரேலியாவின் ஆதிக்குடி மக்கள் தங்கள் வைத்தியர்களை 'ங்கங்காரி' என்கிறார்கள். இவர்கள் டாக்டர்களோடு கூடி நோயாளிகளைக் கவனிக்கிறார்கள். அம்மக்களுக்கு மனநலம் என்பது ஒருவர் மூளையோடு முடிகிற விஷயமன்று. நிலம், சுற்றம், முன்னோர் யாவும் அதில் அடக்கம்.

நம்மவர் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. "நெஞ்சு படபடக்கிறது, வயிறு எரிகிறது, தூக்கமில்லை" என்பார்கள். இந்தப் பாஷை புரியாத வைத்தியர் வயிற்றுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். ஆகவே, "உங்களுக்கு என்ன நேர்ந்ததென்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று டாக்டர் தமிழில் கேட்கட்டும். "செய்வினை" என்று பதில் வந்தாலும் சிரிக்காமல் கேட்கட்டும். அப்படிக் கேட்டவர் கொடுக்கும் மாத்திரையைத்தான் ஜனங்கள் நம்பி விழுங்குவார்கள்.

குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. மனோவியாதிக்குச் சிகிச்சை தாமதிக்கத் தாமதிக்க, மீள்வது கடினமாகிறது. பரிகாரம் முடியட்டும் என்று மருந்தைத் தள்ளிப் போடலாகாது. 14416 என்ற அரசாங்கத் தொலைபேசியில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்; கட்டணமில்லை. விபூதி நெற்றியில் இருக்கட்டும். மாத்திரையும் வேளை தவறாமல் உள்ளே போகட்டும். கீழ்ப்பாக்கத்தைச் சொல்லிச் சிரிப்பதை மட்டும் நம் வீடுகளில் இன்றோடு நிறுத்திவிடுவோம்.