சிப்பியின் பொறுமைக்கு ஒரு விலை உண்டு

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முத்தைப் பற்றிய கட்டுரை இல்லாத பள்ளி மலரைத் தூத்துக்குடியில் காண்பது அரிது. பழைய மலர்களைப் புரட்டினால் நீங்களே காணலாம். ஒரு சிப்பி, அதனுள் புகுந்து உறுத்தும் ஒரு மணல் துகள், முணுமுணுக்காமல் பொறுத்துக்கொள்ளும் சிப்பி, இறுதியில் ஒளி வீசும் முத்து. ‘நாமும் அவ்வாறே துன்பங்களைப் பொறுத்துக்கொண்டால்...’ என்று கட்டுரை முடியும். அழகான கதைதான். ஆனால் சிப்பியைக் கேட்டால் அது ஒப்புக்கொள்ளுமா என்பது எனக்கு ஐயமே.

கடலடியில் வாழும் பிராணிக்கு மணல் என்ன புதிய விருந்தாளியா? சளியில் சுருட்டி அது வெளியே தள்ளிவிடும். முத்து உண்டாவது பெரும்பாலும் ஓர் ஒட்டுண்ணியோ காயமோ, மேன்டில் என்னும் உடற்போர்வையின் சிறு பகுதி ஒன்றை உடலின் உள்ளே தள்ளிவிடும்போதுதான். மேன்டில்தான் ஓட்டைக் கட்டும் கொத்தனார். இடம் மாறிப் போனாலும் அது தன் தொழிலை விடுவதில்லை. உள்ளேயே ஒரு பை போலாகி முத்தைக் கட்டுகிறது. 1973-ஆம் ஆண்டு, நம் ஊரிலுள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் கே. அழகர்சாமி உருண்டையான வளர்ப்பு முத்தை உண்டாக்கிக் காட்டியபோது, சிப்பிக்குள் வைக்கப்பட்டது வெறும் மணி அன்று. அதனுடன் இன்னொரு சிப்பியின் மேன்டில் துண்டும் வைக்கப்பட்டது.

இதை நான் எழுதுவது அந்தக் கட்டுரைகளில் பிழை பிடிப்பதற்காக அன்று. பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இருப்பதில்லை. இருந்தும் நாம் முத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, ‘சிப்பி எதையும் தாங்கும், தாங்கினால் அதற்கு நல்லதே’ என்று முடிவு கட்டிவிட்டோம். இந்த முடிவு கட்டுரையோடு நின்றால் பரவாயில்லை. கடலில் கழிவு கலக்கிறது, நீர் சூடாகிறது என்று யாராவது சொன்னால், ‘இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும்’ என்று பெரியவர்கள் பதில் சொல்கிறார்களே, அதுவும் இதே கதைதான். நமது அறிவியல் புத்தகத்தில் ‘தகவமைப்பு’ என்று ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லை நாம் ஒரு சாக்காகப் பயன்படுத்துகிறோம் என்பது என் கருத்து.

மெல்லுடலிகள் உண்மையில் எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்போம்.

நத்தை, சங்கு, சிப்பி, மட்டி ஆகிய எல்லாமே மெல்லுடலிகள். இவற்றுள் சிப்பிக்கும் மட்டிக்கும் ஓடிப்போகக் கால் இல்லை என்றே சொல்லலாம். உண்ணும் சிப்பி சிறு வயதில் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் சாகும்வரை அதுதான் அதன் விலாசம். அது ஒட்டியிருக்கும் கழிமுகத்தில் நீர் ஏறும், வற்றும். கோடையில் உப்புக் கரிக்கும், ஐப்பசி கார்த்திகையில் மழைநீர் வந்து உப்பே இல்லாமல் செய்துவிடும். அப்போது சிப்பி செய்யக்கூடிய பெரிய காரியம் ஒன்றே ஒன்று. கதவைச் சாத்திக்கொள்வது. இரண்டு ஓடுகளையும் இழுத்துப் பிடிக்கும் தசை ஒன்று அதற்கு உண்டு. அதை இறுக்கிக்கொண்டால் வெளியுலகம் வெளியே, சிப்பி உள்ளே.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம்மில் யார் மறப்போம்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி பெருக்கெடுத்துப் புன்னக்காயலில் கடலில் கலந்தது. நாம் மாடியில் ஏறி உட்கார்ந்திருந்தோம். ஏறுவதற்கு மாடி இல்லாத சிப்பிகளுக்கு இத்தகைய நாளில் கதவை மூடிக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

வெளியிலிருந்து பார்த்தால் மூடிய சிப்பி ஒரு கல். தூங்குகிறது என்று நினைப்போம். ஆனால் கதவு மூடியவுடன் புதிய நீர் வருவதில்லை. உணவும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. இதயத் துடிப்பு குறைகிறது. உடலில் சேமித்து வைத்த கிளைக்கோஜனை ஆக்சிஜன் இல்லாமலே சிதைத்து உயிர் வாழ்கிறது. இந்த முறையில் கிடைக்கும் ஆற்றல் கொஞ்சம்; மிஞ்சும் அமிலமோ அதிகம். வெளியேற்ற வழியில்லாத அமிலத்தை என்ன செய்வது?

இங்கேதான் நான் படித்ததிலேயே என்னை மிகவும் பாதித்த செய்தி வருகிறது. சிப்பியின் ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. ஆய்வுக்கூடத்தில் சிப்பி ஓட்டின் மேல் நீர்த்த அமிலத்தை விட்டால் நுரைத்துக் கரைவதை நாம் கண்டிருக்கிறோம். மூடிய ஓட்டுக்குள் அதுதான் நடக்கிறது. உடலில் சேரும் அமிலத்தை ஓட்டின் உட்சுவர் கரைந்து சமன் செய்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் வாழும் ஒரு மட்டியில் 1969-ஆம் ஆண்டு இதை ஆராய்ந்து எழுதினார்கள். அதாவது, அந்தப் பிராணி தன் வீட்டுச் சுவரைத் தானே கரைத்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறது. வெளிப்புறம் ஒரு கீறலும் தெரியாது.

நல்ல நீர் திரும்பியதும் சிப்பி திறந்து, ஆவலோடு நீரை இழுத்து, பட்ட கடனை அடைக்கத் தொடங்கும். கரைந்த சுவரை மீண்டும் கட்டும். ஆகவே மூடுவது ஒரு கடன். அடைப்பதற்கு நாள் கிடைத்தால் நல்ல ஏற்பாடு. நாள் கிடைக்காவிட்டால்?

குளத்து நத்தையையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நீரில் சுவாசிக்கச் செவுளும், காற்றில் சுவாசிக்க நுரையீரல் போன்ற பையும் உண்டு. இரண்டு ஏற்பாடும் உள்ள கெட்டிக்காரப் பிராணி. குளம் வற்றினால் சேற்றில் புதைந்து, மூடியால் வாயை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மழைக்காகக் காத்திருக்கும். மழை அதே குளத்திற்கு வரும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தவம். இடையில் நாம் குளத்தில் மண்ணைக் கொட்டி மனை பிரித்துவிட்டால், எத்தனை மாதம் காத்திருக்கும் திறமை இருந்தும் என்ன பயன்?

சில பிராணிகள் வெயிலையும் சாமர்த்தியமாகச் சமாளிக்கின்றன. வெப்பநாட்டுக் கடற்கரைப் பாறைகளில் கடலைப் பருப்பு அளவே உள்ள நத்தைகள் வாழ்கின்றன. பாறை கொதிக்கும் நேரத்தில் அவை உடலை உள்ளே இழுத்து, ஓட்டின் விளிம்பைக் காய்ந்த சளியால் மட்டும் பாறையில் ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். சுடும் தரையில் நாம் குதிகாலைத் தூக்கி நடப்பதைப் போல! ஆனால் சாமர்த்தியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் மேற்குக் கரையில் கடும் வெப்ப அலை வீசியது. வான்கூவர் பகுதியில் நீர் வற்றிய நேரமும் பிற்பகல் வெயிலும் ஒன்றாகச் சேர்ந்தன. பாறைகள் 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறின. அங்குள்ள மட்டிகள் வழக்கம்போல் கதவை மூடிக்கொண்டன. மூடிய ஓட்டுக்குள்ளேயே வெந்துபோயின. கரையோரத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட உயிர்கள் மடிந்திருக்கலாம் என்று பேராசிரியர் கிறிஸ்டோபர் ஹார்லி கணக்கிட்டார். அவை தகவமையாதவை அல்ல. ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாகத் தகவமைந்தவைதாம்.

‘இது வெயில், யார் என்ன செய்ய முடியும்?’ என்பீர்கள். சரி, மனிதன் நேராகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். கப்பல்களின் அடியில் சிப்பிகளும் பாசியும் ஒட்டாமல் இருக்க, வெள்ளீயம் கலந்த ஒரு நச்சு வண்ணத்தை உலகெங்கும் பூசினார்கள். பிரான்சு நாட்டின் அர்க்காஷோன் விரிகுடாவில் 1970-களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சுகள் உண்டாகவே இல்லை. வளர்ந்தவற்றின் ஓடுகள் தடித்து உருக்குலைந்தன. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் பெண் நத்தைகளின் உடலில் ஆணுக்குரிய உறுப்பு வளர்ந்து, முட்டை வெளிவரும் வழி அடைபட்டது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு நஞ்சே இதற்குப் போதும். இந்த நஞ்சு வந்து போகிற வெள்ளம் அன்று. நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் நீரிலேயே இருந்தது. கதவை எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? உண்ணத் திறந்துதானே ஆகவேண்டும்?

1982-இல் பிரான்சு அரசு சிறு படகுகளுக்கு அந்த வண்ணத்தைத் தடை செய்தது. அர்க்காஷோனில் குஞ்சுகள் மீண்டும் தோன்றின. உலகக் கப்பல்கள் அனைத்துக்குமான உடன்படிக்கை 2001-இல் ஏற்கப்பட்டு, 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சரிசெய்தது யார்? இயற்கையா? பூசியவர்கள் பூசுவதை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் இயற்கையால் தன் வேலையைச் செய்ய முடிந்தது.

இயற்கை தானாகச் சரிசெய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு எண்ணூரைப் பாருங்கள். மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று அழைக்கும் தென் அமெரிக்க மட்டி ஒன்று அங்கே வந்து சேர்ந்து, ஆற்றின் அடித்தரை முழுவதும் பாய் விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. மண்ணில் புதைந்து வாழும் இறாலுக்கு இடமில்லை. கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தவர்களுக்கு வேலை இல்லை. மாறிய சூழ்நிலைக்கு மிக நன்றாகத் தகவமைந்த மெல்லுடலி அது! மெல்லுடலிகள் 50 கோடி ஆண்டுகளாக இருக்கின்றன, இனியும் இருக்கும் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. எந்த மெல்லுடலி இருக்கும், எது போகும் என்பதுதான் என் கேள்வி.

இப்போது கடல் முழுவதற்குமே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. நாம் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் எழும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைக் கடல் விழுங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். மதிப்பு இப்போது 8.1 அளவில் உள்ளது. இவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். பி.எச். கணக்கைப் போட்டுப் பார்த்த பத்தாம் வகுப்பினருக்குத் தெரியும், அது ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கும் மேல் கூடியதைக் குறிக்கும். சிப்பிக் குஞ்சு பிறந்த இரண்டு நாள்களுக்குள் தன் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டும். அமிலத்தன்மை கூடிய நீரில் சுண்ணாம்பைப் படியச் செய்ய அது கூடுதலாக உழைக்க வேண்டும். கையில் இருப்பதோ முட்டையிலிருந்து கொண்டுவந்த சிறு சேமிப்பு மட்டும். 2007, 2008 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒரிகன் கரையில் ஒரு சிப்பிக் குஞ்சுப் பண்ணையில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. முதலில் நோய்க் கிருமி என்று நினைத்தார்கள். ஆழத்திலிருந்து மேலெழுந்த அமிலத்தன்மை மிக்க நீரே காரணம் என்று பிறகு தெரிந்தது. இப்போது அங்கே நீரை இடைவிடாமல் அளந்து, தேவைப்படும்போது சோடா உப்பைக் கலக்கிறார்கள். தொட்டிக்குக் கலக்கலாம். மன்னார் வளைகுடாவுக்குக் கலக்க முடியுமா?

பொறுமையைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. பொறுமை கடலினும் பெரிது என்பதை நம் சகோதரிகள் நமக்குச் சிறு வயதிலிருந்தே கற்பித்திருக்கிறார்கள். ஆனால் பொறுத்துக்கொள்கிறவரைப் பார்த்து, ‘இவருக்கு ஒன்றும் இல்லை’ என்று மற்றவர்கள் சொல்வது வேறு காரியம். எங்கள் வீட்டில் அம்மா தலைவலி என்று ஒருநாளும் படுத்ததில்லை. அதனால் அம்மாவுக்குத் தலைவலியே வராது என்று என் தம்பி உறுதியாக நம்புகிறான்! நம் ஊர் மக்களும் சிப்பி விஷயத்தில் என் தம்பியைப் போலத்தான் இருக்கிறோம் என்று தோன்றுகிறது.

சரி, என்ன செய்யலாம்? ஆலைகளையும் அனல் மின் நிலையங்களையும் நாளையே மூடு என்று சொல்ல எனக்கு வயதும் இல்லை, தைரியமும் இல்லை. அங்கே வேலை பார்க்கும் அப்பாக்களின் பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆனால் வெளியே விடும் நீர் எவ்வளவு சூடு, அதில் என்ன இருக்கிறது என்று ஊருக்கு அறிவிக்கும்படி கேட்கலாம். அமெரிக்காவில் 1986 முதல் கடற்கரையெங்கும் மட்டிகளைச் சேகரித்து, அவற்றின் உடலில் சேர்ந்துள்ள நச்சுப் பொருள்களை அளந்து வருகிறார்கள். மட்டி எல்லாவற்றையும் வடிகட்டி உடலில் சேர்த்து வைப்பதால், அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது. நம் கரையின் சிப்பிகளையும் அவ்வாறு ஆண்டுதோறும் அளந்து, முடிவைத் தமிழில் நாளிதழில் வெளியிட்டால் பெற்றோர்கள் படிப்பார்களே!

அதுவரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. நம் அறிவியல் மன்றத்தில் இரண்டு வெப்பமானிகள் உள்ளன. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நீர் வற்றிய நேரத்தில் கடற்கரைக் கற்களின் சூட்டை அளந்து, ஒரு சதுர அடியில் எத்தனை நத்தை, எத்தனை சிப்பி, அவற்றில் உயிருள்ளவை எத்தனை, காலி ஓடுகள் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி வரலாம். நான் இவ்வாண்டு பள்ளியை விட்டுப் போகிறேன். எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளில் விருப்பமுள்ளவர்கள் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மன்றத்துக்குப் பொறுப்பான சகோதரியிடம் பெயர் கொடுங்கள். நோட்டை நான் வாங்கிக் கொடுத்துவிட்டேன்; முதல் பக்கத்தில் கட்டமும் போட்டிருக்கிறேன்.