ஞாயிற்றுக் குழம்பும் சிவப்புத் திராட்சை மதுவும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து அனைவரும் கலைகையில், அன்பர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “வீட்டில் கறி சமைக்கும் நாளில் சிவப்பு ஒயின் ஒரு தம்ளர் வைத்துக்கொள்ளலாமா? அதிகச் செலவில்லாமல் எதை வாங்குவது? இதையெல்லாம் உங்கள் பகுதியில் எழுதுவீர்களா?” அரிசி விலையும் புளி விலையும் எழுதிவரும் பகுதியில் மதுவைப் பற்றி எழுதுவதா என்று ஒரு வாரம் தயங்கினோம். அவர் தாழ்ந்த குரலில் கேட்டதே இறுதியில் எம்மை எழுதத் தூண்டியது.

தயக்கத்துக்குக் காரணம் உண்டு. பிழைப்புத் தேடி ஹெப்பகோடிக்கு வந்து சேர்ந்த நம் குடும்பங்களில், குடியால் நொந்த பெண்மணி ஒருவரேனும் இல்லாத வீட்டை நாம் அதிகம் கண்டதில்லை. எம் சிறிய தந்தையார் நாற்பது வயதை எட்டுமுன் அதனாலேயே மாண்டார். அன்றுமுதல் எம் அன்னையாருக்குக் குப்பி என்றாலே வெறுப்பு. பிராந்தி என்றும் ஒயின் என்றும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் கூறுவதில் பாதி உண்மை. பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு சாராயச் சத்து. உணவோடு அருந்தும் ஒயினில் 12 முதல் 14 பங்கு. அளவு வேறு, சத்து ஒன்றே. எந்த அளவும் உடலுக்குத் தீங்கற்றதன்று என உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில் தெளிவாகக் கூறிவிட்டது. இதயத்துக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டா. நாவுக்கு நல்லது, அவ்வளவே. குடியை விட்டொழித்தவர் வாழும் வீட்டுக்குள் இது நுழையவே கூடாது.

மற்றபடி, இது நமக்குப் புதியதன்று. யவனர் கப்பலில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ்ந்திருக்குமாறு நக்கீரர் வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. 1945-இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் வீலர் துரை அகழ்ந்தபோது, அத்தகைய மது வந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அக்காலத்தில் அது அரசர்க்கும் செல்வர்க்கும் உரிய பொருள். இன்றோ திராட்சை நம் வாயிலிலேயே விளைகிறது. பெங்களூரைச் சுற்றியும் சிக்கபள்ளாபுரம், கோலார்ப் பக்கங்களிலும் பயிராகும் ‘பெங்களூர் நீலம்’ 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. தோல் தடித்து, கையில் எடுத்தாலே மணக்கும் அக்கறுப்புப் பழத்தைத் தள்ளுவண்டியில் அனைவரும் வாங்கியிருப்போம். ‘போர்ட்’ என்ற பெயரில் மலிவாக விற்கும் இனிப்பு ஒயின்களுக்கு அது பெரிதும் பயன்பட்டுவருகிறது. அதைச் சோற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்வது, குழம்பு சாதத்தோடு சர்பத்துக் குடிப்பதை ஒக்கும். முதலில் அதை வாங்கி ஏமாந்தவர்களுள் நாமும் ஒருவர்.

உணவுக்கு ஏற்றது இனிப்பற்ற ஒயின். கன்வல் குரோவர் என்பவர் 1988-இல் நந்தி மலைக்கு அருகே தொட்டபள்ளாபுரத்தில், பிரெஞ்சு வல்லுநர் ஒருவரின் துணைகொண்டு அந்நாட்டுத் திராட்சைக் கொடிகளை வளர்க்கலானார். 2007-இல் கருநாடக அரசு ஒயினுக்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. ஆகவே கடல் கடந்து வந்த குப்பிக்கு அயல்நாட்டு வரியெல்லாம் சேர்த்துப் பணம் கொட்டவேண்டிய தேவையில்லை. ‘ஷிராஸ்’ என்றோ ‘கேபர்னே’ என்றோ எழுதிய உள்நாட்டுக் குப்பிகளுள் நடுத்தர விலையில் உள்ளதே போதும். திருகு மூடி உள்ளதையே கேட்டு வாங்குக. தக்கையைப் பிடுங்கும் கருவிக்கு வேறு செலவழிப்பானேன்? 750 மில்லி குப்பியில் 150 மில்லி வீதம் ஐந்து தம்ளர் தேறும்.

இங்கு ஒரு வேடிக்கை. நம் மெட்ரோ நிலையத்துப் பெயரிலேயே விளங்கும் பயோகான் நிறுவனம் 1978-இல் தொடங்கியபோது செய்த பொருள்களுள் ஒன்று, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ். பீரையும் ஒயினையும் தெளியவைக்கும் பொருள் அது.

இனிச் சமையலுக்கு வருவோம். சிவப்பு ஒயினின் உயிர் துவர்ப்பு. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. கொழுப்பும் இறைச்சியும் அத்துவர்ப்பை மென்மையாக்கும். மிளகாயின் எரிச்சலையோ அது மேலும் கிளறிவிடும். எனவே காரம் தூக்கிய வற்றற்குழம்புக்கும் மீன் குழம்புக்கும் இதைத் துணை சேர்க்கவேண்டா. மிளகாயைக் குறைத்து, மிளகும் தேங்காயும் அரைத்துவிட்டு, மெல்லிய தீயில் இரண்டு மணி நேரம் வேகும் ஆட்டெலும்புக் குழம்பும் சுடச்சுடக் கேழ்வரகுக் களியும் இருந்தால் அதற்கு மேல் பொருத்தம் இல்லை. தருமபுரியார்க்கும் கன்னடத்தார்க்கும் களி பொதுச் சொத்து என்பதை நினைவூட்ட வேண்டுவதில்லை. புலால் உண்ணாதார்க்கு, மார்கழியிலும் தையிலும் இங்கே ‘அவரேகாளு’ என்று குவியும் மொச்சையைப் பிதுக்கி வைக்கும் குழம்பு இருக்கிறது. எண்ணெய்க் கத்தரிக்காயும் ஆகும். கோடையில் குப்பியை அரைமணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுக்கலாம். திறந்த குப்பியை இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் சுவை கெடாது. அதற்குமேல் புளிக்கத் தொடங்கும்.

இவ்வளவும் எழுதும் நாம் எம் வீட்டில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் மைத்துனர் ஊரிலிருந்து வந்திருந்தார். அன்னையாரிடம் முன்னரே சொல்லிவிட்டுத்தான் குப்பியை வாங்கிவந்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. குழம்பை இறக்கிவைத்துவிட்டு உள்ளறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். மைத்துனரும் நாமும் எம் துணைவியாரும் எவர்சில்வர் தம்ளரில் ஆளுக்கு ஒன்று ஊற்றிக்கொண்டோம். குழம்பு அருமை; ஒயினும் நன்று; ஆயினும் சாத்திய கதவை எதிரே வைத்துக்கொண்டு உண்ட சோறு தொண்டையில் எளிதில் இறங்கவில்லை. மைத்துனர் இன்னொரு தம்ளருக்குக் குப்பியைத் தூக்கினார். துணைவியார் அதை வாங்கி மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டார்.

புதன்கிழமை இரவுப்பணி முடிந்து திரும்பி, தண்ணீர் எடுக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தோம். குப்பியின் மேல், மது நின்ற மட்டத்தில், மஞ்சள் விரலால் இழுத்த கோடு ஒன்று இருந்தது. நாமும் ஒன்றும் கேட்கவில்லை. அன்னையாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு காலை கறிக்கு மசாலை அரைத்துக்கொண்டிருந்தவர், குளிர்ப்பெட்டியைத் திறந்து சற்று நேரம் பார்த்தபடி நின்றார்.

“கோடு இட்ட இடத்திலேயே இருக்கிறதே?” என்றார்.

“புளித்திருக்கும் அம்மா, கொட்டிவிடலாம்” என்றோம்.

“காசு கொடுத்து வாங்கினதைக் கொட்டுவானேன்?” என்று குப்பியை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு, இஞ்சி பூண்டு தடவி வைத்திருந்த கறியின்மேல் அதை அப்படியே கவிழ்த்தார்.