கம்ப்யூட்டர் சொன்னால் கூரை நிற்குமா?



போன வாரம் என்னிடம் படித்த ஒரு தம்பி வந்திருந்தான். கட்டிட வடிவமைப்புக்கு மென்பொருள் எழுதுகிறானாம். "சார், இப்போ எல்லாம் ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறை. உத்திரத்துக்கு ஒரு கிளாஸ், தூணுக்கு ஒரு கிளாஸ். நீளம், அகலம், என்ன பொருள், எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கும். எவ்வளவு தாங்கும்னு அதுவே கணக்குப் போட்டுக்கும். இனிமே யாரும் கையால கணக்குப் போட வேண்டாம்" என்றான்.

முறை நல்ல முறைதான். கடைசி வார்த்தையைத்தான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஒரு தடவை சரியாக எழுதினால் ஆயிரம் உத்திரமும் சரி. தப்பாக எழுதினால் ஆயிரமும் தப்பு. கரும்பலகையில் வாத்தியார் ஒரு எழுத்தைப் பிழையாக எழுதினால் நாற்பது நோட்டிலும் அதே பிழை ஏறும்.

அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகர அரங்கத்தின் எஃகுக் கூரையைக் கம்ப்யூட்டர் கணக்கை நம்பிக் கட்டினார்கள். மேல் தண்டுகள் பக்கவாட்டில் வளையாமல் இருக்க நடுவில் பிடிப்பு உண்டு என்று கணக்கு எடுத்துக்கொண்டது. நிஜத்தில் அந்தப் பிடிப்பு போதவில்லை. கட்டும்போதே கூரை கணக்கைப்போல இரண்டு மடங்கு தொய்ந்தது. அளந்தவர்கள் சொன்னார்கள், வடிவமைத்தவர்கள் கவலைப்படவில்லை. 1978 ஜனவரி 18 விடியற்காலை, பனியின் பாரத்தில் கூரை விழுந்தது. சில மணி நேரம் முன்புதான் ஏறத்தாழ 5000 பேர் அதன் கீழே உட்கார்ந்து கூடைப்பந்து பார்த்திருந்தார்கள்.

"அது பழைய காலத்து புரோகிராம் சார்" என்றான். ஆமாம். ஆனால் கம்ப்யூட்டர் கூட்டல் பெருக்கலில் தவறவில்லையே! பிடிப்பு இருக்கிறது என்று மனிதன் நினைத்ததுதான் தவறு. அதே நினைப்பை இன்று ஒரு கிளாஸுக்குள் பூட்டி வைத்தால் வெளியே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருப்பதை மறைப்பதுதான் இந்த முறையின் பெருமை என்கிறார்கள். எனக்கு அதுதான் பயம்.

ஆகவே, இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகளே, இரண்டு காரியம் செய்யுங்கள். எதை நம்பிக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதி வையுங்கள். ஒவ்வொரு கட்டிடத்திலும் ஒரு உத்திரத்தையாவது கையால் போட்டுப் பாருங்கள். இரு முனையில் தாங்கிய உத்திரத்தில் பாரம் சீராகப் பரவியிருந்தால், மொத்த பாரத்தை நீளத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் நடுவில் வரும் வளைவுத் திருப்புமை கிடைக்கும். அவனே சொன்ன சூத்திரம் இது.

எட்டாம் வாய்ப்பாடு நான் சொல்லிக் கொடுத்ததுதான். மறந்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் பழைய வாத்தியார்