ராயல்டி சிப்புக்கா, முழு போனுக்குமா?



உங்க கையில இருக்கிற போனுக்கு நீங்க கொடுத்த விலைக்குள்ள, பில்லில் தெரியாத ஒரு தொகை ஒளிஞ்சிருக்கு. அதுக்குப் பேர் ராயல்டி.

3ஜி, 4ஜி, 5ஜி எல்லாம் உலகப் பொதுத் தரங்கள். அவற்றுக்குள் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் இருக்கு. அவற்றைத் தவிர்த்துவிட்டு யாரும் போன் தயாரிக்க முடியாது. அதனால்தான் "நியாயமான, பாரபட்சமற்ற கட்டணத்தில் உரிமம் தருவோம்" என்று அந்த நிறுவனங்களிடம் முன்கூட்டியே வாக்குறுதி வாங்குகிறார்கள்.

கண்டுபிடித்தவருக்குக் கூலி கொடுக்கணும். அதில் நமக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 5ஜிஐ தரத்தை உருவாக்கியதில் நம்ம சென்னை ஐஐடிக்கும் பங்கு உண்டு. கேள்வி ஒன்றுதான்: எதன் விலையில் கணக்குப் போடுவது?

2013ல் எரிக்சன், மைக்ரோமேக்ஸ் மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. மைக்ரோமேக்ஸ் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. விசாரணைக்கு உத்தரவிட்ட ஆணையம் ஒரு எளிய கணக்கைச் சொன்னது. 100 ரூபாய் போனில் ஒரு சிப்பைப் போட்டால் ராயல்டி ரூ.1.25. அதே சிப்பை 1,000 ரூபாய் போனில் போட்டால் ரூ.12.50!

சிப் மாறல. ராயல்டி மட்டும் பத்து மடங்கு! சுங்கச்சாவடியில லாரிக்குள்ள நெல் இருந்தா ஒரு கட்டணம், பட்டு இருந்தா பத்து மடங்குன்னா ஒத்துக்குவோமா?

"இணைப்பு இல்லாம போனே இல்லையே" என்பது அவங்க வாதம். பேட்டரி இல்லாமலும்தான் போன் இல்லை. பேட்டரி செய்பவர் போன் விலையில் பங்கா கேட்கிறார்?

2014ல் நீதிமன்றம் போட்ட இடைக்கால ஏற்பாட்டிலும், போனின் விற்பனை விலையில் 0.8 முதல் 1.3 சதவீதம் என்றே கணக்கு. 2024ல் இன்னொரு வழக்கில், எரிக்சனுக்கு லாவா ரூ.244 கோடி இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு.

சரி, போட்டி ஆணையம் என்ன ஆச்சு? காப்புரிமை உரிம விவகாரத்தில் ஆணையம் விசாரிக்க முடியாது என்று 2023ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆணையத்தின் மேல்முறையீட்டை 2025ல் உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது.

நீதிமன்றம் இருக்கிற சட்டத்தைத்தான் படிக்கும். சட்டத்தை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம். ஒன்றிய அரசு 2016ல் ஒரு விவாத அறிக்கை வெளியிட்டு எல்லாரிடமும் கருத்துக் கேட்டது. தெளிவான சட்டம்தான் இன்னும் வரல.

நாம் கேட்பது மூன்றே மூன்று:

1. ராயல்டியைக் காப்புரிமை பயன்படும் பாகத்தின் மதிப்பில் கணக்கிடு.
2. உரிமக் கட்டணங்களை ரகசிய ஒப்பந்தங்களுக்குள் பூட்டாதே, வெளியிடு.
3. போட்டி ஆணையத்துக்கு விசாரிக்கும் அதிகாரம் கொடு.

ஸ்ரீபெரும்புதூரில் போனைப் பூட்டுவது நம்ம பிள்ளைங்க. கடையில் காசு கொடுத்து வாங்குவதும் நாம். கணக்கு கேட்கிற உரிமை மட்டும் நமக்கு இல்லையா?

படிச்சுப் பாருங்க. சரின்னு பட்டா பகிருங்க.

#கணக்கைக்_காட்டு