கரடியின் வாசலில் விருந்தினராய்



அரையாண்டு விடுமுறை நெருங்கிவிட்டால், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி இல்லந்தோறும் எழும். திருவண்ணாமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் நம் குடும்பங்களுக்குச் சாத்தனூர் அணையும் ஜவ்வாது மலையும் பார்த்துப் பழகிய இடங்கள். இம்முறை சற்றே தொலைவான ஓர் இடத்தைச் சொல்ல விரும்புகிறோம். கர்நாடகத்தில், ஹம்பிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள தரோஜி கரடிகள் சரணாலயமே அது.

"கரடியைப் பார்க்கவா அவ்வளவு தூரம்? அது எங்கள் தெருவுக்கே வந்ததுண்டே!" என்று வீட்டில் உள்ள பெரியவர்கள் சொல்லக்கூடும். ஐம்பது வயதைக் கடந்தோர் பலருக்கு நினைவிருக்கும். மூக்கில் கயிறு கோத்த கரடியை ஒருவர் வீடு வீடாக நடத்தி வருவார். உடுக்கையின் ஒலிக்கேற்ப அது இரண்டு கால்களில் நின்று ஆடும். பயம் தெளியும் என்று குழந்தைகளை அதன் முதுகில் ஏற்றி உட்காரவைப்பார்கள். கரடி முடியை அடைத்த தாயத்துக்கும் நல்ல விற்பனை இருந்தது. அல்லாஹ் ஒருவனிடமே பாதுகாவல் தேடவேண்டிய நம் இல்லங்களிலும் அந்தத் தாயத்து நுழைந்திருந்தது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? நாடெங்கும் கரடியாட்டத்தைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்தவர்கள் கலந்தர் என்னும் நாடோடிச் சமூகத்தார். பெயரைக் கேட்டதும் தர்காக்களில் தங்கும் பக்கீர்கள் நம் நினைவுக்கு வரலாம். இவர்களோ மனைவி மக்களுடன் கூடாரம் தூக்கித் திரிந்த ஏழைகள். கலிமாச் சொன்ன நம் சகோதரர்கள். ஒரு காலத்தில் அரசவைகளில் வித்தை காட்டியவர்களின் வழிவந்தோர் என்பர். பிற்காலத்தில் அவர்களுக்கு எஞ்சியது கடனும் கரடியும்தான்.

அத்தொழிலின் அடித்தளம் கொடியது. தாய்க்கரடியைக் கொன்றோ விரட்டியோ வேட்டைக்காரர்கள் குட்டியைத் திருடி விற்பார்கள். காய்ச்சிய ஊசியால் அதன் மூக்குத்தண்டைத் துளைத்து, மயக்கமருந்து ஏதுமின்றிக் கயிறு கோப்பார்கள். பற்களை உடைப்பார்கள். நாம் நடனம் என்று கண்டு சிரித்தது, மூக்குப் புண்ணில் கயிறு இழுபட்ட வேதனையைத்தான்.

விலங்கின் முகத்தில் அடிப்பதையும் சூடு போடுவதையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். கூட்டிலிருந்து குஞ்சுகளை எடுத்து வந்தபோது தாய்ப்பறவை படபடத்துச் சுற்றிவந்ததைக் கண்டு, அவற்றைத் திருப்பி ஒப்படைக்கும்படி அண்ணலார் பணித்த நிகழ்ச்சி அபூதாவூதில் உள்ளது. இவற்றை மதரஸாவில் ஓதிய நாம்தான் தெருவில் நின்று கைதட்டினோம்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கரடியைப் பிடிப்பதைத் தடைசெய்தது. 1998இல் மத்திய அரசின் அறிவிக்கை கரடியை வித்தைக்குப் பழக்குவதையும் காட்சிப்படுத்துவதையும் விலக்கியது. ஆயினும் சட்டத்தால் மட்டும் ஒரு சமூகத்தின் அடுப்பை எரியவைக்க இயலுமா? இங்கேதான் 1995இல் தொடங்கப்பெற்ற வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் அமைப்பைக் குறிப்பிட வேண்டும். அவர்கள் கூடாரங்களுக்குச் சென்று பேசினர். கரடியை ஒப்படைத்த குடும்பத்துக்கு மாற்றுத்தொழில் தொடங்க முதல் கொடுத்தனர். ஆட்டோ ஓட்டவும் சிறுகடை வைக்கவும் ஆண்கள் முன்வந்தனர். பெண்கள் தையலும் கைவினையும் கற்றனர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயினர். கரடிகளைப் பராமரிக்கும் பணியிலேயே அமர்ந்த கலந்தர்களும் உண்டு. ஆக்ராவில் அமைந்த காப்பகத்துக்கு 2002இல் முதல் கரடி வந்தது. 2009 டிசம்பரில், ராஜு என்று அழைக்கப்பட்ட கடைசி ஆட்டக்கரடியின் கயிறு அவிழ்க்கப்பட்டது. மொத்தத்தில் 600க்கும் மேற்பட்ட கரடிகள் மீட்கப்பட்டன. மூக்கு கிழிந்த, பல்லிழந்த அவற்றால் காட்டில் பிழைக்க முடியாது என்பதால் ஆக்ராவிலும் பெங்களூருக்கு அருகே பன்னேர்கட்டாவிலும் காப்பகங்களில் வைத்துப் பேணப்பட்டன.

விலங்கின்மேல் இரக்கங்கொண்டு போனவர்கள் அங்கே மனிதர்களையும் கண்டு கைகொடுத்தார்கள். ஜகாத்தையும் ஸதகாவையும் ஆண்டுதோறும் பங்கிடும் நாம் அந்தக் கூடாரங்களுக்குப் போயிருந்தோமா என்ற கேள்வி, இதை எழுதும்போது நெஞ்சை உறுத்துகிறது.

இனித் தரோஜிக்கு வருவோம். 1994இல் அறிவிக்கப்பெற்ற இச்சரணாலயம் இப்போது சுமார் 82 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. உருண்ட பாறைகளும் முட்புதர்களும் நிறைந்த வறண்ட நிலம். பாறைக் குகைகளில் பகலெல்லாம் உறங்கும் கரடிகள், வெயில் தாழும்போது ஒவ்வொன்றாக இறங்கிவரும். எதிரே உள்ள கண்காணிப்புக் கோபுரத்தில் நின்று பார்க்கவேண்டும். இங்கே யாரும் ஆட்டுவிப்பதில்லை. தாய் முன்னே நடக்க, அதன் முதுகு மயிரைப் பற்றிக்கொண்டு குட்டி சவாரி செய்யும் காட்சி ஒன்றே போதும், அந்தப் பயணத்துக்கு. கரடி இனங்களில் குட்டியை இவ்வாறு வழக்கமாக முதுகில் சுமப்பது நம் நாட்டுக் கரடி மட்டுமே.

இதன் வாயமைப்பும் வியப்புக்குரியது. மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு கிடையா. அந்த இடைவெளி வழியே, மூக்குத் துளைகளை மூடிக்கொண்டு, புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி இழுக்கும். அவ்வொலி நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஊர்வனவும் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்ற பொருளில் ஸூரத்துல் அன்ஆமில் வரும் வசனத்தை, பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

ஒரு குறை உண்டு. கரடிகளைப் பார்வையாளர் கண்ணில் படவைக்க, பாறைகளில் வெல்லமும் தேனும் கலந்த கலவையைப் பூசிவைப்பது அங்கே நெடுநாளைய வழக்கம். எமக்கு இது அவ்வளவு உவப்பில்லை. அலாஸ்காவில் மெக்நீல் ஆற்றங்கரையில் சால்மன் மீன் பிடிக்கவரும் பெருங்கரடிகளைக் காண, 1973 முதல் குலுக்கல் முறையில் அனுமதி தருகிறார்கள். ஒரு நேரத்தில் பத்துப்பேர் அளவிலான சிறு குழு மட்டுமே வழிகாட்டியுடன் செல்லும். மனிதரின் உணவு ஒரு துண்டும் கரடிக்குக் கிடைத்துவிடாமல் காப்பார்கள். மனிதனையும் உணவையும் சேர்த்து நினைக்காத கரடி மனிதனைத் தேடி வராது. தரோஜியில் வெல்லத்தைப் பணியாளர்தாம் வைக்கிறார்கள், பார்வையாளர் தொலைவில் கோபுரத்தில் நிற்கிறார்கள் என்பது ஓரளவு ஆறுதல்.

"ஜவ்வாது மலையிலேயே கரடி உண்டே, அங்கே பார்க்கலாகாதா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். வேண்டாம். தேனும் புளியும் சேகரிக்கச் செல்லும் மலைவாழ் மக்களே தாக்குண்ட செய்திகள் உண்டு. கரடிக்கு மோப்பம் மிகுதி, பார்வை குறைவு. புற்றைத் தோண்டும் மும்முரத்தில் ஆள் நெருங்குவதை அறியாது. திடீரென்று கண்டால் ஓடாமல் பாய்ந்துவிடும். புலியோடு காட்டைப் பகிர்ந்து வாழும் பிராணிக்கு அதுவே தற்காப்பு. எனவே வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிக் காட்டுக்குள் கால்வைப்பது, தம் உயிருக்கும் பின்னர் அந்தக் கரடியின் உயிருக்கும் கேடு.

செல்ல விரும்புவோர் செங்கம், கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரை அடைந்து, இரவு ஹம்பி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஹோஸ்பேட்டில் இறங்கலாம். கமலாபுரத்தில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் கரடியின் பெயராலேயே ஒரு தங்குமிடம் நடத்துகிறது. அங்கே தங்குவோரைச் சரணாலயத்துக்கு வழிகாட்டியுடன் அழைத்துச் செல்வர். முன்பதிவு அவசியம். இறைச்சி ஹலால்தானா என்று முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். ஐயமிருந்தால் மரக்கறி உணவே போதும். கோடையில் பெல்லாரிப் பக்கத்து வெயில் குழந்தைகளுக்குத் தாங்காது. டிசம்பர் ஏற்ற மாதம்.

கோபுரத்தில் இருக்கும் நேரம் பிற்பகலும் மாலையும் ஆகையால், பயணிகளுக்குரிய சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதுவிட்டுப் புறப்படுவது எளிது. அத்தர் பூசிக்கொள்ள வேண்டாம். காற்று திரும்பினால் கரடி அறிந்துகொள்ளும். கைக்குழந்தைக்குப் பால் புகட்டிவிட்டே ஏறுங்கள், அழுகுரல் கேட்டால் பாறைமேல் இருப்பவை மறைந்துவிடும். மஃக்ரிபுக்கு முன் வாயிலைக் கடந்து வெளியே வந்துவிட வேண்டும்.