செம்பட்டை முடிக்கு வந்த யோகம்!

"ஏட்டி, எண்ணெய் தேய்க்காம முடி செம்பட்டை பாஞ்சு கெடக்கே!"

கோவில்பட்டிக் கரிசல் வெயிலில் வளர்ந்த பெண்கள் பாட்டியிடம் கேட்ட வசவு இது. இன்று அதே நிறத்துக்கு அழகு நிலையத்தில் பணம் கொடுக்கிறார்கள்!

(மெலிந்த குழந்தையின் முடி செம்பட்டையானால் விஷயம் வேறு. புரதச் சத்துக் குறைவாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள்.)

முகத்தை ஒட்டி விழும் இரு முடிக்கற்றைகளை மட்டும் வெளுப்பாக்குவது இப்போதைய மோஸ்தர். 'ஹைலைட்' என்று பெயர்.

எப்படிச் செய்கிறார்கள்?

வெளுப்புப் பொடியை ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைத்து, கற்றையில் தடவி, அலுமினியத் தாளில் மடித்து வைக்கிறார்கள். முடிக்குக் கருமை தருவது மெலனின். பெராக்சைடிலிருந்து வரும் ஆக்சிஜன் அதைச் சிதைக்கிறது. தீக்குச்சி மருந்தில் உள்ள பொட்டாசியம் குளோரேட்டும் ஆக்சிஜன் கொடுக்கிற சரக்குதான். தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டுமா!

நம் முடி நல்ல கறுப்பு. நிறம் இறங்க நேரமாகும். அவசரப்பட்டு மருந்தின் கடுமையைக் கூட்டினால் முடி வைக்கோலாகும்; தலைத்தோல் புண்ணாகும்.

முன்நரையை மறைக்கும் கறுப்புச் சாயத்திலும் ஆபத்து உண்டு. பலவற்றில் 'பிபிடி' என்ற ரசாயனம் இருக்கிறது. 'கறுப்பு மருதாணி'யிலும் அதைக் கலப்பதுண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் முகமே வீங்கிவிடும். போன தடவை ஒன்றும் செய்யவில்லையே என்று நம்பிவிடக் கூடாது. காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தச் சாயம் வேண்டாம்.